அர்த்தம் தெரியாமல் அழலாமா?

ஆப்பிரிக்கப் பாடல்களை மொழி தெரியாமலே கேட்டு உருகுவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி யாருக்கும் போதவில்லை என்பதை இம்முறை வந்த கடிதங்கள் உணர்த்துகின்றன. ஆகவே இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் அதைப் பற்றியவையே.

கேள்வி: ஐயா, தூக்கம் வராத ஓர் இரவில் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது செசாரியா எவோரா என்ற பாடகியின் 'சொதாதே' என்ற பாடல் தற்செயலாக ஒலித்தது. அது எந்த நாட்டுப் பாட்டு, என்ன மொழி என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. பாட்டு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்லும் புரியாமல் அழுதால் அது பாட்டுக்காக அழுததாகாது என்று என் மகன் கேலி செய்கிறான். அவன் சொல்வது சரிதானா?

பதில்: பாதி சரி, அம்மா. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கண்ணீர் பொய்யில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடிய கதவுக்கு அப்பால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, சொல் ஒன்றும் தெளிவாகக் கேளாவிட்டாலும், அவர் கோபத்தில் இருக்கிறாரா, துக்கத்தில் இருக்கிறாரா என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. குரல் தாழ்ந்து, வேகம் குறைந்து, வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சுத் தளர்ந்தால் அதைத் துயரம் என்று காது எடுத்துக்கொள்கிறது. அதற்கு அகராதி தேவைப்படுவதில்லை. எவோராவின் குரல் உச்ச ஸ்தாயிக்குப் போய் உருக்குகிற குரல் அன்று. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர் பேசுவதைப் போல, அவசரமில்லாமல், நடுத்தர ஸ்தாயியிலேயே நின்று பாடுகிற குரல் அது. போதாததற்கு 'சொதாதே' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் தெரியாத சொல்லே ஆனாலும், அதே இடத்தில் அதே தளர்ச்சியோடு அது மறுபடி மறுபடி வந்து விழும்போது, பாட்டுக்கு வலிக்கும் இடம் அதுதான் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி உங்கள் மகனின் பாதி. செசாரியா எவோரா (1941–2011) ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் கேப் வெர்டே தீவுகளில், மின்டேலோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். மேடையில் வெறுங்காலோடு நின்று பாடியவர். ஏறக்குறைய ஐம்பது வயதில்தான் உலகம் அவரைக் கேட்கத் தொடங்கியது. அவர் பாடிய மொழி, போர்த்துகீசியத்தை அடித்தளமாகக் கொண்டு அந்தத் தீவுகளிலேயே உருவான கிரியோல். 'மோர்னா' எனப்படும் அந்தப் பாடல் வகையை 2019-இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் கேட்ட பாடல் 1992-இல் வெளிவந்த அவருடைய 'மிஸ் பெர்ஃபுமாடோ' என்ற இசைத்தொகுப்பில் உள்ளது. 'சொதாதே' என்பதற்குப் பிரிவால் வரும் ஏக்கம் என்று பொருள் கொள்ளலாம். சாவோ டோமேக்குப் போகும் இந்த நெடுவழியை உனக்குக் காட்டியது யார் என்று பாட்டு கேட்கிறது. கேப் வெர்டேயில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலங்களில், போர்த்துகீசிய ஆட்சியின் கீழ் அம்மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சாவோ டோமே தீவின் கோகோ, காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த வழிதான் இந்த வழி.

பாட்டில் இன்னோர் இடம் உண்டு. நீ கடிதம் எழுதினால் நானும் எழுதுவேன், நீ மறந்தால் நானும் மறப்பேன், நீ திரும்பி வரும் நாள்வரை என்று பாடுகிறார். ஊடலில் சொல்லப்படும் சொல்லைப் போன்ற அந்த 'நானும் மறப்பேன்' என்ற வீம்பை எந்த மெட்டும் நமக்குச் சொல்லிவிடாது. நீங்கள் பிரிவுக்காக அழுதீர்கள். பாட்டோ ஒரு குறிப்பிட்ட கடல்வழிக்காக அழுகிறது. அழுதுகொண்டே சற்று முறைக்கவும் செய்கிறது. அந்த முறைப்பு உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் உங்கள் மகன் சொல்வதில் உள்ள உண்மை. கேலி செய்யும் அளவுக்கு அது பெரிய உண்மை அன்று.

கேள்வி: ஒரு விழாவில் 'இண்டிபெண்டன்ஸ் சா சா' என்ற காங்கோ நாட்டுப் பாட்டுக்கு நண்பர்கள் எல்லோரும் ஆடினோம். காதல் பாட்டு என்றே எண்ணியிருந்தேன். அது முழுக்க முழுக்க அரசியல் என்று பிறகு ஒருவர் சொன்னார். காது இவ்வளவு ஏமாறுமா?

பதில்: ஏமாறும், ஆனால் எல்லாவற்றிலும் ஏமாறுவதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் 86 சிறிய சமூகங்களின் பாடல்களிலிருந்து 14 விநாடித் துணுக்குகளை எடுத்து 60 நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டி, இது எதற்கான பாட்டு என்று கேட்டார்கள். ஆடுவதற்கான பாட்டையும் தாலாட்டையும் பெரும்பாலோர் சரியாகவே இனங்கண்டார்கள். காதல் பாட்டில்தான் தடுமாறினார்கள். அதற்கு முன்பு, 2009-இல், மேற்கத்திய இசையை அறியாத கேமரூன் நாட்டு மாஃபா மக்களிடம் மேற்கத்திய இசையைக் கேட்கச் செய்தபோது, அதில் மகிழ்ச்சி எது, சோகம் எது, அச்சம் எது என்பதை அவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். ஆக, பாட்டு என்ன வேலைக்காக உண்டானது, எந்த மனநிலையில் பாடப்படுகிறது என்பதைக் காது ஓரளவு கண்டுகொள்கிறது. அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைக் கண்டுகொள்வதில்லை.

நீங்கள் ஆடிய பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1960-இன் தொடக்கத்தில் காங்கோவின் விடுதலையைப் பற்றிப் பெல்ஜிய அரசுடன் வட்டமேசைப் பேச்சு நடத்த அந்நாட்டுத் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றபோது, ஜோசஃப் கபசெலேயும் அவருடைய இசைக்குழுவினரும் அங்கே இருந்தார்கள். விடுதலைக்கு நாள் குறித்தாயிற்று என்ற மகிழ்ச்சியில் லிங்காலா மொழியில் பிறந்த பாட்டு அது. அதன் நடுப்பகுதி வெறும் பெயர்ப்பட்டியல்: கட்சிகளின் பெயர்கள், தலைவர்களின் பெயர்கள். காசாவுபு, லுமும்பா, சோம்பே எல்லோரும் ஒரே மெட்டில், ஒரே வரிசையில் வருகிறார்கள். அதே ஆண்டு ஜூன் 30-இல் நாடு விடுதலை பெற்றது. ஏழு மாதம் முடிவதற்குள், முதல் பிரதமராக இருந்த லுமும்பா கொல்லப்பட்டார். சோம்பேயின் பிரிவினை அரசு இருந்த கட்டங்கா மண்ணில்தான் அது நடந்தது. இதை அறிந்தவர் அந்தப் பெயர்கள் அடுத்தடுத்து வருவதைக் கேட்பதற்கும் அறியாதவர் கேட்பதற்கும் வேறுபாடு பெரிது. ஆனாலும் நீங்கள் ஆடியதில் பிழையில்லை. அந்த ஊர்க்காரர்களும் அதற்கு ஆடத்தான் செய்தார்கள்.

மாலி நாட்டின் ஊமு சங்காரே விஷயத்தில் காதும் பொருளும் இன்னும் அதிகமாக விலகி நிற்கின்றன. அவருடைய பாடல்களில் 'கமாலே ங்கோனி' என்ற நரம்புக் கருவி துள்ளிக்கொண்டே இருக்கும். பின்னால் பெண்கள் அவர் பாடியதை வாங்கிப் பாடுவார்கள். கேட்பவரால் கால் அசையாமல் இருக்க முடியாது. பாடுவதோ பலதார மணத்தையும், பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் நடத்தும் திருமணத்தையும் எதிர்த்து. அவருடைய தந்தை இன்னொரு பெண்ணை மணந்துகொண்டு குடும்பத்தை விட்டுப் போனவர். தாய்க்கு உதவச் சிறுவயதிலேயே தெருவில் பாடத் தொடங்கிய பெண், இருபத்தொன்றாம் வயதில் பதிவு செய்த தம் முதல் தொகுப்புக்குப் 'பெண்கள்' என்று பொருள்படும் 'முசோலு' என்ற பெயரை வைத்தார். அந்தத் துள்ளலைக் களிப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால், அவர் எதற்காகப் பாட வந்தாரோ அதைத் தவறவிட்டுவிடுகிறோம்.

காது ஏமாற வேண்டும் என்றே பாடியவர்களும் உண்டு. ஜிம்பாப்வே இன்னும் ரொடீசியாவாக, வெள்ளைச் சிறுபான்மையினரின் ஆட்சியில் இருந்த 1970-களில், தாமஸ் மப்ஃபூமோ ஷோனா மொழியில், பழமொழிகளுக்குள்ளும் ஊர்ப்பேச்சுக்குள்ளும் விடுதலைப் போரைப் பற்றிய செய்தியை ஒளித்துப் பாடினார். 'ம்பிரா' என்ற விரல்கட்டைக் கருவியின் மெட்டுகளைக் கிதாருக்கு மாற்றி வாசித்ததால், கேட்ட மக்களுக்கு மூதாதையரின் நினைவும் உடன் வந்தது. ஆட்சியாளர்கள் தாமதமாக விழித்துக்கொண்டு அவரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். அவருடைய பாட்டைப் புரியாமல் கேட்ட முதல் கூட்டத்தில் நாம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: மிரியம் மக்கேபாவின் ஒரு பாட்டில் நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலி வருகிறதே, அது தாளத்துக்காகச் சேர்த்ததா?

பதில்: இல்லை, அது மெய்யெழுத்து. அவர் பாடிய தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் அத்தகைய சொடுக்கொலிகளில் மூன்று அடிப்படை வகைகள் உண்டு. ஒன்று, ஐயோ பாவம் என்று நாம் உச்சுக் கொட்டும் ஒலி. இன்னொன்று, வண்டி மாட்டை முடுக்குவதற்குக் கன்னத்தின் ஓரத்தில் எழுப்பும் ஒலி. மூன்றாவது, அண்ணத்திலிருந்து நாக்கைச் சட்டென்று விடுவிக்கும்போது தக்கையைப் பிடுங்கியது போல் வெடிக்கும் ஒலி; நீங்கள் கேட்ட பாட்டின் தலைப்பான 'கொங்கொத்வானே' என்பதில் இருப்பது அதுதான். தரையைத் தட்டி ஒலியெழுப்பும் ஒரு வண்டின் பெயர் அது. திருமணங்களில் பாடப்படும் பாட்டு. நம் எழுத்தில் எழுதியதும் அந்த ஒலி மறைந்துவிட்டதைப் பாருங்கள். நம் வாய்க்குப் பழகிய ஒலிதான்; அதைச் சொல்லுக்குள் வைக்க நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

கேள்வி: மொழி தெரியாதவர் சொற்பொருளைத்தான் இழக்கிறார், இசையை முழுமையாகவே பெறுகிறார் என்று நான் கருதுகிறேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: நானும் நெடுநாள் அப்படித்தான் கருதினேன். ஸ்வாஹிலிக்கும் செனகல் நாட்டு வொலோஃபுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். நைஜீரியாவின் யொரூபாவுக்குப் பொருந்தாது. அம்மொழியில் ஒவ்வோர் அசையையும் மேல், நடு, கீழ் என்ற மூன்று சுருதிகளில் ஒன்றில் ஒலிக்க வேண்டும். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். 'ஒக்கோ' என்பதன் இரண்டாவது அசையை நடுவில் சொன்னால் கணவன், உயர்த்திச் சொன்னால் மண்வெட்டி, தாழ்த்திச் சொன்னால் வண்டி. இப்படிப்பட்ட மொழியில் பாட்டமைப்பவர் தம் விருப்பப்படி மெட்டை ஏற்றி இறக்கிவிட முடியாது. பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு பேரம் பேசித்தான் மெட்டு உருவாகிறது. எங்கே இணங்கியிருக்கிறார், எங்கே துணிந்து மீறியிருக்கிறார் என்பது மொழி அறிந்தவருக்கு மட்டுமே கேட்கிற இசை நுட்பம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உடுக்கையைப் போல இடை சிறுத்த 'துந்துன்' என்ற பேசும் முரசை யொரூபாக் கலைஞர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் வார்களை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை மாற்றி வாசிக்கிறார்கள். பேச்சின் சுருதியை அது அப்படியே பின்பற்றுவதால், பழமொழியையும் வாழ்த்தையும் அதில் 'சொல்ல' முடிகிறது. நைஜீரியப் பாடகர் சன்னி அடேயின் குழு 'ஜுஜு' என்ற யொரூபா நடன இசையை வாசிக்கையில் பின்னணியில் கேட்கும் அந்த முரசொலியை நான் தாள அலங்காரம் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது யாரையோ பெயர் சொல்லிப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கலாம். ஆகவே, ஐயா, மொழி தெரியாதவர் சொல்லை இழப்பதோடு, எது சொல், எது கொட்டு என்று பிரித்தறியும் ஆற்றலையும் சேர்த்தே இழக்கிறார்.

கேள்வி: எத்தியோப்பியப் பாடல் ஒன்றைக் கேட்டபோது அசல் மோகனமாகவே இருந்தது. நமக்கும் அவர்களுக்கும் பழைய உறவு உண்டா?

பதில்: ஸ்வரங்களில் உறவு உண்டு; அதை வைத்துக்கொண்டு வரலாற்று உறவு கொண்டாட இயலாது. எத்தியோப்பிய இசையில் 'திசிட்டா' என்றோர் ஐந்து ஸ்வர முறை இருக்கிறது. அதன் ஒரு வடிவம் மோகனத்தின் ஸ்வரங்களையே கொண்டது. மற்றொரு வடிவம் சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் அரைப்படி இறக்கியது போன்றது. 'பாட்டி' என்ற முறையின் ஒரு வடிவம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களோடு பொருந்துகிறது. ஐந்து ஸ்வர அமைப்புகள் உலகில் எத்தனையோ இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. இதில் சுவையான செய்தி வேறு: அம்ஹாரிக் மொழியில் 'திசிட்டா' என்றால் நினைவு, பழைய நினைவின் ஏக்கம் என்று பொருள். ஸ்வர முறைக்கும் அந்த முறையில் பாடப்படும் பாட்டுக்கும் அந்த உணர்வுக்கும் பெயர் ஒன்றே. மோகனம் என்றதும் நமக்குத் தோன்றுவது ஒளியும் உற்சாகமும். ஏறக்குறைய அதே ஐந்து ஸ்வரங்களில் அவர்கள் இழந்ததை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார்கள். 'அசல் மோகனம்' என்று நாம் மகிழ்ந்த நேரத்தில் அவர் பிரிந்துபோனவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கக் கூடும்.

கேள்வி: எனக்குப் பிடித்த ஆப்பிரிக்கப் பாடல்களை என் காதில் விழுந்தபடியே, பிழையான சொற்களோடு உரக்கப் பாடுவது என் வழக்கம். இது அவமரியாதையா?

பதில்: குளியலறையில் பாடினால் இல்லை. பிழையாகக் கேட்ட சொல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலுப் பாடகர் தம் குழுவினரோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். குழுவினர் திரும்பத் திரும்பப் பாடுவது 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்'. அந்த இசைத்தட்டைக் கேட்ட அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் அதை 'வீமோவே' என்று எழுதிக்கொண்டார். அவருடைய குழு அப்படியே பாடியது. 1961-இல் வேறொரு குழு அதற்கு ஆங்கிலச் சொற்கள் சேர்த்துப் பாட, உலகமே 'வீமோவே' என்று பாடத் தொடங்கியது. அது எந்த மொழியிலும் சொல் அன்று. உரிமையை மிகச் சொற்பத் தொகைக்கு விட்டுக்கொடுத்திருந்த லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2006-இல்தான் சமரசத்தில் முடிந்தது. சீகர் பிழையாகக் கேட்டதை நான் குற்றமாகக் கொள்ளமாட்டேன். அந்நிய மொழியைக் கேட்கும் யாருக்கும் நேர்வதுதான். ஆனால் சொல் உருமாறியதோடு சேர்ந்து, அதைப் பாடியவரின் பெயரும் பாட்டிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. நீங்கள் பிழையாகவே பாடுங்கள். யார் பாட்டு என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்லதா, அறியாமல் கேட்பதே நல்லதா? படித்தபின் சில பாடல்கள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

பதில்: முதலில் சிலமுறை அறியாமல் கேளுங்கள், பிறகு படியுங்கள். இதை மாற்றிச் செய்ய முடியாது என்பதே காரணம். அறிந்துகொண்ட பிறகு அறியாமல் கேட்க யாராலும் முடியாது.

சப்பென்று ஆனதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாலியின் மாண்டே மக்களிடையே 'ஜெலி' எனப்படும் பரம்பரைப் பாடகர்களின் பாட்டை மொழிபெயர்த்துப் படித்தால், பல இடங்களில் இன்னாரின் மகன் இன்னார், இன்ன ஊரை வென்றவர் என்றுதான் இருக்கும். மெய்க்கீர்த்தியைப் படித்ததுபோல இருக்கும். குரலில் அத்தனை தவிப்பைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பெயர்கள் அங்கே கேட்பவர்களின் முன்னோர் பெயர்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாட்டா கெய்ட்டாவின் பெயர் ஒலித்தால், கெய்ட்டா குடும்பத்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்ததாகிறது. அந்த வழியில் வந்த சலிஃப் கெய்ட்டா பாடகராக விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. பாட்டைக் கேட்க வேண்டிய குடியில் பிறந்தவர் பாடுவதாவது என்பதே காரணம். 1987-இல் வந்த அவருடைய 'சோரோ' தொகுப்பை இதை அறிந்துகொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். மாலிக் கலைஞர்களான அலி ஃபர்கா டூரேயின் கிதாரும் டூமானி டியாபாட்டேயின் 21 நரம்புகள் கொண்ட கோராவும் சேர்ந்து ஒலிக்கும் 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' என்ற தொகுப்பு 2005-இல் வெளிவந்தது. பமாகோ நகரில், நைஜர் ஆற்றின் கரையிலுள்ள ஒரு விடுதியில், பெரிதாக ஒத்திகை ஏதுமின்றி இருவரும் வாசித்துப் பதிவு செய்தது. பாட்டு மிகக் குறைவு. சொல் இல்லாததால் மொழி தெரியாதவன் என்ற குறை எனக்கு இங்கே இல்லை, மாலி நாட்டவரும் நானும் கேட்பது ஒன்றே என்ற நிம்மதியோடு பல ஆண்டுகள் அதைக் கேட்டுவந்தேன். அதில் 'கைரா' என்றொரு மெட்டு இருக்கிறது. அமைதி என்று பொருள்படும் அந்தப் பெயர், 1940-களில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் ஐயத்தோடு பார்த்த ஓர் இயக்கத்தின் பெயரும் ஆகும் என்றும், டூமானியின் தந்தை சிதிகி டியாபாட்டேயின் கோராவோடு நெருங்கிய தொடர்புடைய மெட்டு அது என்றும் பிறகுதான் அறிந்தேன். அங்குள்ளவர்களுக்கு அது சொல்லில்லாத மெட்டே அன்று. வாசிப்பவர் வாய் திறக்காவிட்டாலும் அவர்களுக்குச் சொல் கேட்கிறது. இப்போதெல்லாம் அந்த மெட்டு ஒலிக்கும்போது, சொற்கள் எந்த இடத்தில் தொடங்கியிருக்கும், எங்கே மூச்சு விட்டிருப்பார்கள் என்று என் காது தானாகவே தேடத் தொடங்கிவிடுகிறது.